மிதிவண்டிப் பின்தாங்கிப் பை

மிதிவண்டிப் பின்தாங்கிப் பை என்பது மிதிவண்டியின் கேரியர் எனப்படும் பின்தாங்கியில் பொருத்திப் பொருள்களை எடுத்துச் செல்ல உதவும் பை ஆகும். பள்ளி, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றிற்கு நாள்தோறும் மிதிவண்டியில் செல்வோருக்கு இது முதுகுச் சுமையையும் வியர்வையையும் குறைக்கிறது. ஆனால் வண்டிக்குப் பொருந்தாத பை விபத்துக்குக் காரணமாகலாம். எனவே பையின் கொள்ளளவைப் பார்ப்பதற்கு முன், அது தாங்கிக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

வகைகள்

மேற்பை: தாங்கியின் மேல் வைத்துக் கட்டப்படும் சிறிய பை. மதிய உணவு, மழைச்சட்டை போன்றவற்றிற்கு ஏற்றது. எடை உயரத்தில் அமைவதால், பாரம் மிகுந்தால் வண்டி தள்ளாடும்.

பக்கப்பை: தாங்கியின் பக்கக் கம்பியில் கொக்கிகளால் மாட்டப்படுவது. எடை தாழ்வாக அமைவதால் புத்தகங்கள், மடிக்கணினி ஆகியவற்றிற்கு இது சிறந்தது.

இரட்டைப் பை: தாங்கியின் குறுக்கே போடப்பட்டு இருபுறமும் தொங்குவது. நெதர்லாந்தில் இது பரவலாகப் பயன்படுகிறது.

தேர்வு செய்யும் முறை

தாங்கியின் வலிமை: பல தாங்கிகளில் 25 கிலோ என எடை வரம்பு பொறிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இது குறைவு. பையின் எடையும் இதில் அடங்கும்.

கொக்கி: தாங்கிக் கம்பியின் தடிமன் வண்டிக்கு வண்டி மாறுபடும். அதை அளந்தபின் கொக்கியைத் தேர்வு செய்ய வேண்டும். பையின் கீழ்ப்பகுதியைத் தாங்கியுடன் பிணைக்கும் கொக்கியும் தேவை. அது இல்லையெனில், மேடு பள்ளத்தில் பை ஆடி ஆரக்கம்பிகளில் சிக்கக்கூடும்.

குதிகால் இடைவெளி: பையை மாட்டி, இருக்கையில் அமர்ந்து மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். குதிகால் பையில் பட்டால் பையைப் பின்னால் நகர்த்த வேண்டும். நகர்த்த இயலாவிட்டால் சிறிய பையே பொருத்தமானது.

மழைக்காப்பு: சாதாரணத் துணிப்பையில் தையல் துளைகள் வழியாக நீர் புகும். தையலுக்குப் பதிலாக வெப்பத்தால் ஒட்டப்பட்டு, வாய்ப்பகுதி சுருட்டி மூடப்படும் பைகள் நீரைத் தடுக்கும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் புத்தகங்களைக் காக்க இவ்வகை உதவும். சாதாரணப் பையாயின், பொருள்களை நெகிழிப் பையில் இட்டு வைக்கலாம்.

பாதுகாப்பு

பின்விளக்கையும் சிவப்பு எதிரொளிப்பானையும் பை மறைக்கக் கூடாது. மறைத்தால் இரவில் பின்னால் வரும் வாகன ஓட்டிக்கு மிதிவண்டி தெரியாது. தொங்கும் வார்களை மடித்துச் செருக வேண்டும். கனமான பொருள்களைப் பையின் அடியில் வைப்பதும், இரு பைகள் இருப்பின் எடையைச் சமமாகப் பிரிப்பதும் வண்டியின் சமநிலையைக் காக்கும்.