“ஏனுங்க்கா, நேத்து பாத்தீங்களா?”

காலையில் நெய்க்காரப்பட்டி பஸ் ஸ்டாப்பில், பழநி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். “ஏனுங்க்கா, நேத்து பாத்தீங்களா?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். எதை என்று அடுத்தவர் கேட்கவே மாட்டார். “பாக்காம என்ன... வந்த கோவத்துக்கு அந்தாள நாலு சாத்து சாத்தணும்போல இருந்துச்சு” என்று பதில் வரும். ஜவுளிக்கடைக்கும் லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையும் கையுமாக நின்று, யாரோ ஒரு பெரிய வீட்டு மருமகளுக்கு நியாயம் பேசிக்கொண்டிருப்பார்கள். பஸ் வந்து, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் வழக்கு தொடரும்.

விஷயம் தெரியாத ஒருவர் கேட்டால், பக்கத்து வீட்டுச் சண்டை என்றுதான் நினைப்பார். ஆனால், பக்கத்து வீட்டுச் சண்டையை இப்படி சத்தமாகப் பேச முடியாது. நெய்க்காரப்பட்டி பேரூராட்சிதான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மாமியாரைப் பற்றி பஸ் ஸ்டாப்பில் ஒரு வார்த்தை சொன்னால், சொன்னவர் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் அந்த வார்த்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சீரியல் மாமியாரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். யாரும் போய்ப் போட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்த பிறகுதான் தென் மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் டி.வி. என்பதே தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போது தெருவுக்கு ஒரு டி.வி. இருந்தால் பெரிது. இல்லாவிட்டால் பஞ்சாயத்து டி.வி. பாய் விரித்து உட்கார்ந்து, பார்க்கும்போதே கருத்தையும் சொல்லிவிடுவார்கள். 1993-ல் சன் டி.வி. வந்தது. 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ ஆரம்பித்ததும், இரவு ஒன்பதரை மணி என்றால் அடுப்படி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டமானது. ஒரு நாள் கரண்ட் போனால் அவ்வளவுதான். மறுநாள் காலையில் அடுத்த தெருவில் போய்க் கதை கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

2006-ல் தி.மு.க. அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்ததும் பாய் விரித்துக் கூட்டமாகப் பார்ப்பது நின்றது. பேச்சு நிற்கவில்லை, காலைக்கு மாறியது. ராத்திரி தனித்தனியாகப் பார்த்துவிட்டு, காலையில் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலையிலும் சேர்ந்து பேசினார்கள். இப்போது செல்போனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆனதும், புதிதாக ஒரு சங்கடம். “சொல்லிராதீங்க, நா இன்னும் பாக்கலே” என்று காதைப் பொத்திக்கொள்பவர் ஒருவராவது பஸ்ஸில் இருக்கிறார்.

பேச்சு எப்போதும் கதையோடு நிற்பதில்லை. விஜய் டி.வி.யின் ‘சிறகடிக்க ஆசை’யில் மீனா பூக்கட்டுகிற பெண். திண்டுக்கல் பூ மார்க்கெட்டும் நிலக்கோட்டை மல்லியும் இருக்கிற மாவட்டத்தில் இதை யாரும் சும்மா விடமாட்டார்கள். முழம் எப்படிப் போடுகிறாள், விரல் எப்படி ஓடுகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். அடுப்படியில் பட்டுப்புடவை, தூங்கும்போது தலை நிறைய பூ, அழுதாலும் கலையாத மை என்று பல சீரியல்களுக்கும் பொதுவாக ஒரு குற்றப்பத்திரிகை எப்போதும் தயாராக இருக்கும். ஒரே கன்னத்து அறையை மூன்று கோணத்தில் காட்டி அரை நிமிடம் ஓட்டுவதும் அதில் உண்டு. சீரியல் பார்க்கிற பெண்கள் காட்டியதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள் என்று சொல்பவர்கள், ஒரு நாளாவது அவர்கள் பேசுவதைக் கேட்டதில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. (ஆண்களும் பார்க்கிறார்கள். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேலே பார்க்கிறார்கள்.)

சமீப வருடங்களில் இந்தப் பேச்சைச் சூடாக்கியது என்றால் ‘எதிர்நீச்சல்’தான். 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடுகள் ஓடிய ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வம், 2022 பிப்ரவரியில் தொடங்கிய தொடர். தேவயானியின் அபிக்காக அழுத அம்மாக்கள், இப்போது மகளோடும் மருமகளோடும் உட்கார்ந்து ஜனனிக்காகப் பதறினார்கள். மதுரைப் பக்கத்துப் பெரிய குடும்பம். படித்த நான்கு மருமகள்கள் அடுப்படியில். வேலைக்குப் போகக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது. எல்லாவற்றையும் ஆதி குணசேகரன் என்கிற மூத்தவர் ஒருவரே முடிவு செய்வார்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களின் இயக்குநர். ஆனால், ஊர் ஊராக அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது “இந்தாம்மா... ஏய்!” என்கிற அந்த அதட்டல்தான். அதை மீம் போட்டுச் சிரித்தவர்கள் ஒரு பக்கம். அந்தக் குரலை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். “எங்க பெரிய மாமனாரு அச்சு அசல் இப்படித்தான்” என்பதை நேரடியாகச் சொல்ல முடியாத ஒருத்தி, “குணசேகரன் மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்கக்கா” என்று சொல்லிவிடலாம். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து மாரிமுத்து இறந்துபோனார். அத்தனை நாளும் அவரைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் அன்றைக்கு அதிகமாகக் கலங்கினார்கள். பிறகு அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். மீசையும் மிரட்டலும் அவருக்கு மட்டும் குறைவா என்ன? ஆனாலும், “பழைய ஆளுகிட்ட ஒரு சிரிப்பு இருக்கும். இவரு நெசமாவே பயமா இருக்காரு” என்று பல நாள் பஞ்சாயத்து நடந்தது. 2024 ஜூன் மாதம் தொடர் முடிந்தபோது இன்னொரு சண்டை. இத்தனை நாள் இழுத்துவிட்டு இப்படியா அவசரமாக முடிப்பது என்று. அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது. ஜனனி மட்டும் வேறு பெண். அதற்கும் ஒரு பஞ்சாயத்து.

இந்தப் பேச்சில் பெரிய விஷயமும் வந்து விழும். அப்பத்தா பட்டம்மாளின் 40 சதவிகிதச் சொத்து யாருக்கு என்பதுதான் ‘எதிர்நீச்சல்’ கதையின் முக்கிய முடிச்சு. தோட்டமும் தோப்புமாக இருக்கிற ஊரில் பங்கு என்ற வார்த்தை லேசுப்பட்டதல்ல. பொறந்த வீட்டில் பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகும், அப்புறம் சீர் கொண்டுவர ஆள் இருக்காது என்பது இன்றும் இருக்கிற பயம். சட்டம் எப்போதோ மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தது. ஆனால், அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று இருந்தது. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் அந்த வித்தியாசமும் போனது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல பஸ் ஸ்டாப்புக்கு வக்கீல் வரமாட்டார். “அப்பத்தா கையெழுத்துப் போடாதது சரிதானுங்க்கா?” என்று ஒருத்தி கேட்கலாம். அது அப்பத்தாவைப் பற்றிய கேள்விதானா என்பது கேட்டவருக்கே தெரியும்.

இத்தனை பேசினாலும் இந்தப் பெண்களின் தீர்ப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் வேடிக்கை. டி.ஆர்.பி. கணக்கை எடுக்கிற ‘பார்க்’ அமைப்பு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்திருக்கிறது. நம் காதுக்குக் கேட்காத ஓர் ஒலிக்குறி நிகழ்ச்சியோடு சேர்ந்தே வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல, வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். எந்தெந்த வீடு என்பது ரகசியம். வாரா வாரம் வரும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் எந்தக் கதையை நீட்டுவது, எதை மூட்டை கட்டுவது என்று யோசிக்கிறார்கள். மீட்டருக்கு டி.வி. ஓடியது தெரியும். அதைப் பார்த்து “தூ” என்று துப்பினார்களா, கண்ணைத் துடைத்தார்களா என்பது தெரியாது.

சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது யாருக்கும் அவ்வளவாகப் பேசத் தெம்பிருக்காது. நாளைய புரொமோ வந்தாச்சா என்று ஒருவர் செல்போனை எடுப்பார். பக்கத்தில் இரண்டு தலைகள் சாயும். முப்பது விநாடி. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், மருமகள் திறக்கப் போகிறாள், அதோடு முடிந்துவிடும்.

“யாருக்கா வந்திருப்பா?”

“வேற யாரு, அவ அம்மாவாத்தான் இருக்கும். பத்து மணிக்குத் தெரிஞ்சிரும். எறங்கு அம்மிணி, ஸ்டாப்பு வந்திருச்சு.”