சிறு காயமும் பெரு மருத்துவமனையும்

முத்துக்குப் பெயர் பெற்றது தூத்துக்குடிக் கடற்கரை. முத்துக்குளிப்பு அங்கு 1961 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும், சங்கு குளித்தலும் மீன்பிடித்தலும் இன்றும் நடைபெறுகின்றன. கடலை நம்பி வாழ்வோர்க்குக் காயங்கள் புதியன அல்ல. தூண்டில் முள் விரலில் தைக்கும். சிப்பியின் விளிம்பு காலைக் கிழிக்கும். மூழ்குவோர்க்குக் காது வலிக்கும். திருக்கை மீனின் வால்முள் குத்தும்.

இத்துன்பங்களை இருவகையாகப் பகுத்தறிதல் வேண்டும். சில, விரைந்து கவனிக்க வேண்டியவை. ஆனால், உயிரைப் பறிப்பன அல்ல. வேறு சில, கணப்பொழுதும் தாழ்க்க இயலாதவை. முன்னவற்றுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே தக்க இடம். நம் நாட்டில் இந்நிலையங்கள் 1952 ஆம் ஆண்டு முதல் தோன்றலாயின. நகரத்தார்க்கென 2023 ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் 500 நலவாழ்வு மையங்கள் திறக்கப்பெற்றன.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கிய கூர் ஒன்று உண்டு. ஆதலின், அதை இழுத்தால் சதை கிழியும். அதனை முறையாக எடுத்து மருந்திடச் சுகாதார நிலையமே போதும். திருக்கை முள் காலிற் குத்தினால், காயத்தைக் கழுவி, பொறுக்கத்தக்க வெந்நீரில் காலை வைத்திருத்தல் நலம். வெப்பம் நஞ்சின் வலிமையைக் குறைக்க, வலி தணியும். பின்னர் மருத்துவரிடம் சென்று, முள்துணுக்கு உள்ளே தங்கியுள்ளதா என்று பார்க்கச் செய்து, தேவையாயின் ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். சிறு காயந்தானே என்று வாளா இருத்தல் தவறு.

அதே முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருப்பின் செய்ய வேண்டுவது வேறு. முள்ளைப் பிடுங்குதல் கூடாது; உடனே 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். காற்றுக் குழாயின் துணையால் ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர், மேலே வந்தபின் மூட்டுவலியாலோ உடல் மரத்துப்போவதாலோ வருந்தினால், அதுவும் பேராபத்தின் அறிகுறியே. மூச்சுத்திணறல், நில்லாத குருதிப்போக்கு, நினைவிழத்தல் ஆகியனவும் அத்தகையனவே.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில், முதலில் வந்தவர்க்கன்றி, மிகுந்த ஆபத்தில் உள்ளவர்க்கே முதலிடம். விரற்காயத்தோடு அங்குச் செல்பவர் நெடுநேரம் காத்திருக்க நேரும். அத்தகையோர் பலர் கூடின், உயிருக்குப் போராடுவோர்க்கு உதவும் கைகளும் குறையும். எந்நோய்க்கு எவ்விடம் என்றறிந்து செல்பவர் தம்மைக் காத்துக்கொள்வதோடு, முன்பின் அறியாத பிறர் உயிரையும் காக்கிறார்.