ஆர்கனுக்காக எழுந்த மண்டபம்

பைப் ஆர்கனில் துருத்தி தரும் காற்று ஒரு மரப்பெட்டிக்குள் அழுத்தத்தோடு காத்திருக்கும். கட்டையை அழுத்தினால் பெட்டிக்குள் சிறு கதவொன்று திறந்து, மேலே நிற்கும் குழாய்க்குள் காற்று பாயும். ஒரு குழாய்க்கு ஒரே சுரம்தான். திறந்த குழாயின் நீளம் இரட்டித்தால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். அதனால் பெரிய ஆர்கனில் 32 அடிக் குழாயும் இருக்கும், பென்சில் அளவுக் குழாயும் இருக்கும்.

ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் வால்க்கர் நிறுவனம் செய்த ஆர்கன் ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே கடல் கடந்து போய், 1863இல் பாஸ்டன் மியூசிக் ஹாலில் முதன்முதலாக ஒலித்தது. ஐயாயிரத்துக்கும் அதிகமான குழாய்கள், செதுக்கு வேலை நிறைந்த வால்நட் மரக்கூடு. பிறகு அந்த அரங்கில் சிம்பொனி இசைக்குழு வேரூன்றியது. மேடைக்கு இடம் போதவில்லை. 1884இல் ஆர்கனைக் கழற்றி விற்றார்கள். பல ஆண்டுகள் அது கொட்டகையில் கிடந்தது. 1897இல் எட்வர்ட் சேர்ல்ஸ் என்ற செல்வந்தர் அதை 1,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்.

கழற்றுவதும் ஏற்றுவதும் பொறுமை கேட்கும் வேலை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள் மென்மையானவை. அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, மெத்தை போட்ட பெட்டியில் படுக்கவைக்க வேண்டும். காய்ந்து வெடித்த தோல் பாகங்களை மாற்ற வேண்டும். ஆனால் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு கூடத்தின் உயரமும் சுவரும் எதிரொலியும் சேர்ந்துதான் ஆர்கனின் குரலை முழுமையாக்குகின்றன. வேறு கூடத்துக்குப் போனால் அதே குழாய் அலறலாம், அமுங்கலாம். ஆகவே குழாயின் வாயையும் அடித்துளையையும் நுணுக்கமாகத் திருத்திப் புது இடத்துக்குப் பழக்குவார்கள்.

சேர்ல்ஸ் வழியை மாற்றினார். மசாசூசெட்ஸின் மெத்தூயனில், ஹென்றி வாகன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஆர்கனுக்காகவே செங்கல் மண்டபம் கட்டினார். 1909இல் அது திறக்கப்பட்டது. கருவிக்கு ஒருவர் காட்டக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியதாக எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பின்னாளில் மண்டபம் பொது அமைப்பொன்றின் கைக்கு வந்தது. 1947இல் ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனம் அக்கால ரசனைக்கேற்ப ஆர்கனைப் பெரிதும் மாற்றியமைத்தது. பழைய குழாய்கள் பல போயின. இசைக்கலைஞர்கள் பலர் அந்தப் புதுக் குரலை விரும்புகிறார்கள். எனக்கோ 1863இன் குரலை இனிக் கேட்க முடியாதே என்ற வருத்தம் உண்டு. குழாயின் வாயை ஒருமுறை உயர்த்தி வெட்டிவிட்டால் பழைய நாதத்தை மீட்பது மிகக் கடினம். பழைய ஆர்கனை இடம் மாற்றுபவர்கள் கத்தியைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும்.