இடுப்பளவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மாலை நேர மட்டாஞ்சேரியில் பசியோடு நடப்பது விஷப்பரீட்சை. ஒரு பக்கம் பிரியாணி, மறுபக்கம் குஜராத்தி ரோடு இனிப்புகள். கல்லூரி மாணவர்கள் இரண்டையும் ஏமாற்றுவதில்லை.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, 20 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கேரளத்தில்? 25.5 சதவீதம்.

எடை மெஷினை நம்பிப் பயனில்லை. 2004-இல் 'லான்செட்' இதழ் இரண்டு டாக்டர்களின் படத்தை வெளியிட்டது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. இந்திய உடம்பின் லட்சணம் அது. எனவேதான் இந்தியர்களுக்கு அதிக எடை 25-இல் அல்ல, 23-லேயே தொடங்குவதாக 2009-இல் நிபுணர்கள் அறிவித்தார்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

தாண்டினால் இருபது வயதில் எதுவும் வலிக்காது, அதுதான் வில்லங்கம். சத்தமில்லாமல் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இன்சுலின் பேச்சை செல்கள் கேட்காது.

நீரிழிவின் வாசலில் நின்ற நடுத்தர வயதினரிடம் சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் விழுங்கியவர்களுக்கு 26.4.

மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி கடற்கரை நடக்கிற தூரம்தான். மாணவர்கள் போவதென்னவோ பைக்கில்.