வலக்கை கற்றது இடக்கைக்கு எப்படித் தெரிந்தது?

எங்கள் ஆனையூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் வலக்கையில் மாவுக்கட்டுடன் வந்தாள். "நீ எழுத வேண்டாம்மா, கவனிச்சா போதும்" என்றேன். அவள் கேட்கவில்லை. அன்று கரும்பலகையில் தேதியும் பாடமும் எழுதும் முறை அவளுடையது. இடக்கையால் சாக்பீஸைப் பிடித்து 'தமிழ்' என்று எழுதினாள். கோடுகள் நடுங்கின. ஆனாலும் 'ழ'வின் கீழ்ச்சுழியை நீட்டி இழுக்கும் அவளுடைய வழக்கம் அப்படியே இருந்தது. அந்த இடக்கைக்கு யாரும் எழுதக் கற்றுத்தரவில்லையே!

ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை

ஒரு செயலைச் செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்பதை ஸ்கேன் காட்டும். அந்தப் பகுதிதான் செயலுக்குக் காரணமா என்பதை அது மட்டும் உறுதிசெய்யாது. வகுப்பில் சத்தம் எழும்போதெல்லாம் ஒரு மாணவன் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காகச் சத்தம் போட்டவன் அவன்தான் என்று சொல்லிவிட முடியுமா? அவனைச் சிறிது நேரம் வெளியே அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூளையிலும் அப்படிச் செய்து பார்க்க, மண்டையைத் திறக்காமலே தூண்டும் முறைகள் உதவுகின்றன.

முதலாவது காந்தத் தூண்டல். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்துகாட்டினர். தலைக்கு மேல் பிடித்த கம்பிச்சுருளில் மின்சாரம் ஒரு கணம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. கைவிரல் தானாகத் துடிக்கிறது. எட்டாம் வகுப்புக்குமேல் நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டல்தான் இது.

இரண்டாவது நேர்மின்னோட்டத் தூண்டல். தலையின் மேல் மின்முனைகளை வைத்து, பொதுவாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் செலுத்துவார்கள். நம் ஆய்வகத்துச் சிறு எல்.இ.டி. விளக்குக்கே சுமார் 20 மில்லிஆம்பியர் வேண்டும். இவ்வளவு மெல்லிய மின்னோட்டம் நரம்புச் செல்களை நேரடியாக இயக்காது. அவை எளிதில் தூண்டப்படும் தன்மையைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும்.

காந்திநகரில் ஒரு சோதனை

குஜராத்தில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் காந்திநகரில் பிரதிக் முத்தாவும் அவரது குழுவினரும் இரண்டாவது முறையைப் பயன்படுத்தினர். முடிவுகள் 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன.

இத்தகைய சோதனையில் கலந்துகொள்பவர் தன் கையைப் பார்க்க முடியாது. கையின் அசைவைக் காட்டும் புள்ளி மட்டும் திரையில் தெரியும். புள்ளி செல்லும் திசையை ஆய்வாளர் வேண்டுமென்றே திருப்பிவிடுவார். குறியைத் தொட, கற்பவர் தன் கையசைவை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'இந்தப் பக்கம் தள்ளிக் குறிவைக்க வேண்டும்' என்று யோசித்துச் செய்வது ஒன்று; இது சட்டெனக் கைகூடும். யோசனையின்றி, முயற்சிக்கு முயற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கை திருந்துவது மற்றொன்று.

ஒரு கை கற்றது மறு கைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை முதன்மையாக முடிவுசெய்தது, மெல்ல வளரும் அந்த இரண்டாவது வழியே. அடுத்து, பெருமூளையின் இடப்பக்கத்தில் உச்சிக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதியின் வேலையை மின்னோட்டத்தால் குலைத்தபோது அந்த மெல்லக் கற்றல் தடைப்பட்டது. வலப்பக்கத்தைக் குலைத்தபோது தடைப்படவில்லை. கற்று முடித்தபின் இடப்பக்கத்தைக் குலைத்தபோதோ, கற்றது மறு கைக்குப் போகவில்லை. தசைகளுக்கு நேரடியாக ஆணையிடும் இயக்கப் புறணியைக் குலைத்தபோது இந்த விளைவு இல்லை. ஆக, பழகிய திறன் ஒரு கைக்கு மட்டும் சொந்தமாகப் பதிவதில்லை. இரு கைகளுக்கும் பொதுவான ஓரிடத்திலும் பதிகிறது.

நமக்கு என்ன?

இந்தச் சோதனை எழுத்தைப் பற்றியது அல்ல, குறிநோக்கிக் கை நீட்டுவதைப் பற்றியது. இருந்தும் அதைப் படித்தபின் என் வகுப்பை நானே திரும்பிப் பார்த்தேன். எழுத்தின் வடிவத்தை விளக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, எழுதிப் பழக மூன்று நிமிடம் தந்த நாட்கள் உண்டு. "எத்தனை தடவை சொல்றது?" என்று கடிந்த நாட்களும் உண்டு. அந்தக் குழந்தைக்குப் புரியாமல் இல்லை. அதன் கை இன்னும் திருந்திக்கொண்டிருந்தது. சொல்லித் தருவது தொடங்கிவைக்கும். நிலைப்பதற்கு, தவறு செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்புப் பலமுறை கிடைக்க வேண்டும். மணலில் எழுதுவதற்கும், இரட்டைக்கோடு நோட்டுக்கும், விளையாட்டுப் பாடவேளைக்கும் இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'மூளைத் திறன் கூட்டும் கருவி' என்ற விளம்பரங்களைப் பெற்றோர் நம்மிடம் காட்டக்கூடும். மேற்சொன்ன சோதனையில் மின்னோட்டம் கற்றலைக் கூட்டவில்லை. தடைசெய்தே உண்மையைக் கண்டறிந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், ஒப்புதல் பெற்று, ஆய்வகத்தில் செய்வது அது. குழந்தைகளின் தலையில் வைத்துப் பார்க்கும் பொருளல்ல என்று நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகு அந்த மாணவி வலக்கைக்கே திரும்பிவிட்டாள். 'ழ'வின் சுழி இன்றும் நீண்டுதான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.