பழைய ஆயில் எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்டதும், காவிரிக் கடைமடையில் தாளடி நட்டவர்களுக்குக் கவலை தொடங்கிவிடும். கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் தருணத்தில் ஒரு நீர் குறைந்தாலும் பதர் மிகும். மின் இணைப்பு இல்லாத சிறு விவசாயிகள், வடிகாலிலும் குட்டையிலும் கிடக்கும் தண்ணீரை இறைக்க அவசரமாகப் பழைய ஆயில் எஞ்சின் தேடுவது இந்தச் சமயத்தில்தான். அவசரத்தில் செய்யும் ஒரு தவறு எஞ்சினையே பாழாக்கிவிடும்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் மனைவியின் தோட்டை அடகு வைத்து 5 குதிரைத் திறன் டீசல் பம்புசெட் ஒன்று வாங்கினார். விற்றவரின் கொட்டகையில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். குழாய் எதுவும் மாட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டுங்கள்" என்று கேட்டவரும் இவரே. வயலில் மூன்றாம் நாள் எஞ்சின் கருகிய வாடையுடன் நின்றது, ஹேண்டில் சுற்றவில்லை. பிரித்தபோது லைனரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தன. "உங்கள் வயலில்தான் கெட்டது" என்றார் விற்றவர். மறுத்துச் சொல்ல இவரிடம் ஆதாரம் இல்லை. பயிரும் காய்ந்தது, தோடும் மீளவில்லை.

தண்ணீர் ஏன் வேண்டும்?

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மீதி வெப்பம் புகையோடும், சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் பிஸ்டன் விரிந்து, ஆயில் படலம் அறுந்து, லைனரோடு உராய்கிறது. லைனரின் ரப்பர் வளையங்களும் ஹெட் கேஸ்கெட்டும் கெடுகின்றன. சூடேறிய எஞ்சினில் திடீரென்று குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும்.

பல பம்புசெட்டுகளில் எஞ்சினுக்கான தண்ணீர், பம்பின் வெளியேற்றுக் குழாயிலிருந்து சிறு ரப்பர் குழாய் வழியாகவே வருகிறது. பம்பு தண்ணீர் தூக்காதபோது எஞ்சினுக்கும் தண்ணீர் கிடையாது. பம்பின் சீலும் கிளாண்டு கயிறும் கூடத் தண்ணீரால்தான் குளிர்கின்றன. வறண்டு சுழன்றால் சிறிது நேரத்தில் அவை கருகிவிடும். காற்றால் குளிரும் எஞ்சினுக்குத் தண்ணீர் தேவையில்லை என்றாலும், அதன் பம்புக்குத் தேவை என்பதை மறக்கக் கூடாது.

எப்படி ஓட்டிப் பார்ப்பது?

கிணற்றடியிலோ குட்டைக் கரையிலோ வைத்து, பம்பில் தண்ணீர் நிரப்பி, இறைத்துப் பார்ப்பதே சிறந்தது. அதற்கு வழியில்லையென்றால் பம்பைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் சோதிக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை எஞ்சினைவிடச் சற்று உயரத்தில் வைக்கவும். பீப்பாயின் அடிக்குழாயை எஞ்சினின் கீழ்த் துவாரத்தோடும், ஹெட்டிலிருந்து வரும் குழாயைப் பீப்பாயின் மேல்பகுதியோடும் இணைக்கவும். மேல்குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். சூடான நீர் தானே மேலேறும்; குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும்.

கவனிக்க வேண்டியவை

1. போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்புகிறதா என்பதே முதல் சோதனை. ஆறும்வரை காத்திருங்கள்.

2. ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எஞ்சின் வேண்டாம்.

3. டிகம்பிரஷன் லீவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் நன்றாக எதிர்த்துத் தள்ள வேண்டும். எளிதாகச் சுற்றினால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

4. அரை மணி நேரம் ஓட்டுங்கள். தொடக்கத்தில் வரும் வெண்புகை விரைவில் மறைய வேண்டும். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் நாசிலையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும்.

5. ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்காமல், காற்றுப்போக்கியில் வரும் புகையைக் கவனியுங்கள். குபுகுபுவென்று வந்தால் லைனர் தேய்ந்திருக்கிறது.

6. பீப்பாய் நீரில் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டில் கசிவு உள்ளது.

7. நிறுத்தி, சூட்டோடு மறுபடியும் கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கும் எஞ்சின் வயலில் நடுராத்திரியில் காலை வாரிவிடும்.

8. பம்பை ஓட்டும்போது கிளாண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிவது நல்லது. அதை முழுவதுமாக அடைக்க வேண்டாம்.

தண்ணீருக்கு வழியே இல்லையென்றால், பம்பைக் கழற்றிவிட்டு, எஞ்சின் கிளம்புகிறதா என்று மட்டும் பார்த்து அரை நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். அது சோதனை ஆகாது. அதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

மூடிய அறையில் எஞ்சினை ஓட்டாதீர்கள்; அதன் புகை உயிரைக் குடிக்கும். வேட்டியை மடித்து இறுகக் கட்டி, துண்டை எடுத்து வைத்துவிட்டுக் கிளப்புங்கள்.

"தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல எஞ்சின் வைத்திருப்பவர் மறுக்கமாட்டார். பணம் கொடுக்குமுன் உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது அழைத்துச் செல்லுங்கள். ஐயம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கும் நாம், எஞ்சின் வாங்கும்போதும் அந்தப் பொறுமையைக் காட்டவேண்டும்.