பூனைவணங்கி: பெயர் சொல்வதும் சொல்லாததும்

காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ‘பறவை’, ‘வளையல்’ என்ற அதே விடைகள்தான் வருகின்றன. இந்த முறை குப்பைமேனியைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. மலாய்க்காரர்கள் இதே செடியைக் ‘கூச்சிங் காலாக்’ என்கிறார்கள், அங்கேயும் பூனைதான்.

செடியைத் தேடி அலைய வேண்டாம். சூலியா தெரு மாதிரி பழைய கடைவீட்டு வரிசைகளில், பின்சந்திலோ கால்வாய் ஓரத்திலோ, யாரோ வைத்த பூச்சட்டியிலோ தானாக முளைக்கும் களை அது. பூனைக்கும் பஞ்சமில்லை. 2013 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக ‘101 தொலைந்த பூனைக்குட்டிகள்’ என்று தெருப்பூனைகளுக்காகவே சுவரோவியம் வரைந்த ஊர் இது.

பூனை ஏன் வணங்குது? காரணம் வேரில் இருக்கிறது. செடி சும்மா நிற்கும்போது பூனை பெரிதாகக் கண்டுகொள்ளாது. பிடுங்கி வேரைக் காட்டினால் முகர்ந்து, தலையைத் தேய்த்து, புரளும்; எச்சில்கூட வடிக்கும். மேல்நாட்டு ‘கேட்னிப்’ செடியில் பூனையை மயக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒன்று இந்த வேரிலும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்.

“அப்போ வீட்டுல வைக்கலாமா டீச்சர்?” என்று ஒரு மாணவராவது கேட்பார். சட்டியில் நிற்பதை வெட்டி எறிய வேண்டியதில்லை, முகரட்டும். தின்னக் கொடுக்கக் கூடாது. பூனைக்குப் பிடிக்கும் என்பது வேறு, உடம்புக்கு ஆகும் என்பது வேறு. இந்தச் செடியில் சயனைடை வெளிவிடக்கூடிய அகாலிஃபின் என்ற பொருள் உண்டு. ஆடுதின்னாப்பாளை பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறது. பூனைவணங்கி ஈர்ப்பை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

வீட்டு வைத்தியம் இன்னொரு சிக்கல். நமக்குப் படை, சொறி வந்தால் குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவோம். அதையே பூனையின் படைக்கும் பூசிவிடுகிறவர்கள் உண்டு. நாம் பூசியதை நக்க மாட்டோம், பூனை நக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது இந்தக் களையைப் பார்த்தல்ல. பூசைக்குப் பறிக்கும் அரளி இதயத்தைப் பாதிக்கும். அதைவிட, பூங்கொத்தில் வரும் லில்லி பூனைக்குக் கொடிய விஷம். (லில்லியை ‘அல்லி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், குளத்து அல்லி வேறு குடும்பம்.) இதழ், இலை மட்டுமில்லை, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். முதலில் வாந்தி, சோர்வு. நடுவே தெளிந்த மாதிரிகூடத் தெரியும். “நல்லாத்தானே இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்” என்று விடும் நேரம் அதுதான். லில்லியைக் கடித்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், செடியைப் படம் எடுத்துக்கொண்டு அப்போதே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.